"ஃபான் பாலியாகாட்டா" - ஒரு குடும்பப் பெயரைத் தேடி...

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே. "எழுதறத நிறுத்திட்டியா?"ன்னு ரெண்டு பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க. நிறுத்தல. ஒரு விஷயத்தைத் தோண்டப் போய் அது என்னையே உள்ள இழுத்துடுச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீ குடிச்சிட்டு வந்து உக்காருங்க.

எங்க ப்ராஜெக்ட்டோட இன்னொரு டீம் தென்னாப்பிரிக்காவுல, கேப் டவுன்ல இருக்கு. வாரத்துக்கு ரெண்டு கால். அந்தப் பக்கம் ஐம்பது வயசு தாண்டின ஒருத்தர். பேரு இங்க வேணாம். ஒருநாள் மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. "சொந்த ஊர் எது?"ன்னு கேட்டார். சென்னைன்னு சொன்னேன். "சென்னையேவா?"ன்னார். இல்ல, அம்மா ஊரு சென்னைக்கு வடக்கே, புலிகாட்னு ஒரு ஏரி, அந்த ஏரியோரம் சுண்ணாம்புக்குளம்னு ஒரு ஊருன்னு சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நெட் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா கேட்டார்: "பாலியாகாட்டாங்கறது அந்த ஊரா?"

அவரோட அம்மாவின் அம்மாவின் அம்மான்னு பன்னெண்டு தலைமுறை பின்னாடி போனா ஒரு பொண்ணு வர்றா. 1670கள்ல கேப் டவுன்ல ஒரு டச்சுக்காரர் இன்னொரு டச்சுக்காரருக்கு அவளை வித்த பத்திரம் இருக்கு. அதுல அவளுக்கு ஒரு கிறிஸ்தவப் பேரு, அதுக்குப் பின்னாடி "ஃபான் பாலியாகாட்டா". ஃபான்னா டச்சுல "இருந்து"ன்னு அர்த்தம். பழவேற்காட்டிலிருந்து.

"உங்க ஊர்ல என் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்களா?"ன்னு கேட்டார். கிண்டலா கேக்கல. நிஜமாவே கேட்டார்.

பதில் சொல்லத் தெரியல. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான்.

கோட்டையும் கல்லறையும்

சுண்ணாம்புக்குளம் போகணும்னா கும்மிடிப்பூண்டியில ரயிலை விட்டு இறங்கி பஸ் புடிக்கணும். சின்ன வயசுல முழுப் பரீட்சை லீவு எல்லாம் அங்கதான். இறால் காயற வாசனை, முழங்கால் தண்ணியில வலையோட நடக்கற ஆளுங்க, ஏரியில கிளிஞ்சல் அள்ளி காளவாயில சுட்டு சுண்ணாம்பாக்கின கதைகள், இதுதான் எனக்குத் தெரிஞ்ச ஊரு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. தெற்கு மூலையில, ஏரி கடலைத் தொடுற இடத்துல, பழவேற்காடு.

அந்த ஊருக்கு நம்ம மெட்ராஸை விட வயசு ஜாஸ்தி. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க 1610ல விஜயநகர மன்னர் வேங்கடபதிகிட்ட அனுமதி வாங்கி இங்க பண்டகசாலை போட்டாங்க. 1612ல சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து அதை அடிச்சு நொறுக்கினாங்க. அடுத்த வருஷமே, 1613ல, டச்சுக்காரங்க கோட்டையே கட்டிட்டாங்க. பேரு கெல்ட்ரியா. ஃபான் பெர்ஹம்ங்கற அதிகாரியோட சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைச்சு வச்ச பேரு. ஆங்கிலேயர் மெட்ராஸ்ல கால் வைக்கறதுக்கு இருபத்தாறு வருஷம் முந்தியே இங்க பீரங்கி வச்ச கோட்டை நின்னுச்சு. 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுசுக்கும் டச்சுத் தலைநகரம் இதுதான்.

இப்போ போய்ப் பார்த்தா கோட்டை இருந்த இடத்துல மேடும், அகழியும், சீமைக்கருவேல முள்ளும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாசல்லயே ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நம்மள வரவேற்கும். உள்ள வழுவழுன்னு கருங்கல்லுல டச்சு எழுத்து, குலச்சின்னம், பொறந்த தேதி, செத்த தேதி. நானூறு வருஷம் முன்னாடி ஜுரத்துல செத்துப்போன வியாபாரியோட பேரை இன்னிக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

அதே கோட்டை வழியா வெளிய போனவங்க பேரு அங்க எங்கயும் இல்ல.

ஜாதிக்காய்க்கு ஆள் வேணும்

பள்ளிக்கூடத்துல நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க? டச்சுக்காரங்க மிளகு, துணி வாங்க வந்தாங்க, அப்புறம் போயிட்டாங்க, அவ்ளோதான். பழவேற்காட்டுத் துணி கிழக்கே போய் அங்க வாசனைப் பொருளா மாறி வந்தது உண்மைதான். ஆனா துணியோட சேர்ந்து ஆளும் போச்சு.

காரணத்தைத் தேடினா இந்தோனேசியா வரைக்கும் போகணும். பண்டாத் தீவுகள். அப்போ உலகத்துலயே ஜாதிக்காய் விளைஞ்ச ஒரே இடம். 1621ல டச்சு கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் அந்தத் தீவுகளைப் படையோட புடிச்சார். பதினைஞ்சாயிரம் பேர் அளவுல இருந்த ஜனத்தொகையில சாவு, பட்டினி, நாடுகடத்தல் எல்லாம் போக மிஞ்சினது ஆயிரம் பேர் அளவுதான். தோட்டம் இருக்கு, வேலைக்கு ஆள் இல்ல. பட்டாவியா (இன்னிக்கு ஜகார்த்தா) நகரம் கட்டவும் ஆள் வேணும். எங்கேர்ந்து? வங்காளக் கரை, அரக்கான், நம்ம சோழமண்டலக் கரை.

இங்க ஆள் எப்படிக் கிடைச்சாங்கங்கறதுதான் வயித்தைப் பிசையுது. எல்லா நேரமும் வலைபோட்டுப் பிடிச்சிட்டுப் போகல. பஞ்சம் வந்தா போதும். மழை பொய்க்கும், படையெடுப்பு வரும், நெல்லு விலை ஏறும், அப்பா அம்மாவே புள்ளைங்களைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிட்டு வருவாங்க. சில பேரு தன்னைத்தானே வித்துக்குவாங்க. நடுவுல தரகர்கள். டச்சுக்காரங்க எழுதி வச்சதை வரிசையா அடுக்கிப் பார்த்தா ஏற்றுமதி கிராஃபும் பஞ்சத்தோட கிராஃபும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காருது. மார்கஸ் விங்க்ங்கற வரலாற்றாசிரியர் இதை விரிவா எழுதியிருக்கார். 1646ல மட்டும் பட்டாவியாவுக்குப் போனவங்க 2,118 பேர், பெரும்பாலும் கரையோட தென்பகுதியிலேர்ந்து. 1659லேர்ந்து 1661 வரைக்கும் பீஜப்பூர் படை தஞ்சாவூர் சீமையைச் சூறையாடினப்போ 8,000லேர்ந்து 10,000 பேர் வரை. அதுல பெரும்பாலானவங்க இலங்கைக்கு.

ஆங்கிலேயரும் யோக்கியம் இல்ல. 1687ல மெட்ராஸ் கவர்னரா உக்காந்த எலிஹு யேல் காலத்துல, ஐரோப்பா போற ஒவ்வொரு கப்பலும் குறைஞ்சது பத்து அடிமைகளை ஏத்திக்கணும்னு ஜார்ஜ் கோட்டையிலேர்ந்து உத்தரவு போச்சு. அந்த யேல் பின்னாடி 1718ல அமெரிக்காவுல ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டை சரக்கும் புத்தகங்களும் அனுப்பினார். கல்லூரி அவர் பேரையே வச்சுக்கிச்சு. மெட்ராஸ் காசு. நம்மாளுங்க ஜிஆர்இ எழுதிட்டு ஏங்கற யேல் அதுதான் :-)

பேருக்குப் பின்னாடி ஊரு

சரி, கேப் டவுனுக்கு வருவோம். 1652ல யான் ஃபான் ரீபேக் அங்க இறங்கினார். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல கப்பல்கள் காய்கறியும் தண்ணியும் ஏத்திக்கற இடம், அவ்ளோதான் திட்டம். அங்க இந்திய அடிமைகள் எப்படி வந்தாங்கன்னா, பழவேற்காட்டிலயோ பட்டாவியாவிலயோ வேலை பார்த்து ஊர் திரும்பற அதிகாரிகள் வீட்டு வேலைக்குன்னு ஆளுங்களைக் கூட்டிட்டுக் கப்பல் ஏறுவாங்க. ஆனா நெதர்லாந்துல அடிமை வச்சுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால நடுவழியில கேப்லயே வித்துக் காசாக்கிட்டுப் போயிடுவாங்க. பயணச் செலவுக்கும் ஆச்சு.

1652லேர்ந்து 1808 வரைக்கும் கேப்புக்கு வந்த அடிமைகள் சுமார் 63,000 பேர். அதுல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியத் துணைக்கண்டத்துக்காரங்க. ஒவ்வொரு விற்பனைக்கும் பத்திரம் உண்டு. அன்னா பூஸெகென்னு ஒரு ஆவண ஆய்வாளர் பதினேழாம் நூற்றாண்டுப் பத்திரங்களைத் தோண்டி, யார் யாரை எவ்வளவுக்கு வித்தார்னு பட்டியல் போட்டு 1977ல புத்தகமாக்கினார். அந்த மாதிரிப் பட்டியல்கள்ல வரிசையா வரும்: ஃபான் பெங்காலா, ஃபான் மலபார், ஃபான் கோரமண்டல், ஃபான் பாலியாகாட்டா. சில பேருக்கு எஜமானருங்க மாசத்துப் பேரையே வச்சாங்க. செப்டம்பர், ஏப்ரல், ஃபெப்ருவரின்னு இன்னிக்கும் கேப் டவுன்ல குடும்பப் பேரு இருக்கு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். "பழவேற்காட்டிலிருந்து"ன்னா பழவேற்காட்டுல பொறந்தவன்னு அர்த்தம் இல்ல. கப்பல் ஏறின துறைமுகம் அது. ஆந்திராவுல எங்கயோ நெசவாளி வீட்டுப் பொண்ணா இருக்கலாம், செங்கல்பட்டுப் பக்கம் வயல் வேலை செஞ்ச குடும்பமா இருக்கலாம். எக்ஸ்போர்ட் லேபிள்ல ஊரு பேரு ஒட்டற மாதிரிதான்.

அமெரிக்காவுல இதே கதை

இந்த மாதிரித் தேடறதுல கில்லாடிங்க அமெரிக்காக்காரங்க. காலனிக் காலத்துல வந்த முப்பாட்டன் யாருன்னு கண்டுபிடிக்கறது அங்க பெரிய பொழுதுபோக்கு. உயில், நிலப்பத்திரம், சர்ச் பதிவேடு, கோர்ட் கேசுன்னு மேய்ஞ்சு மரம் வரைவாங்க.

அந்தக் காகிதங்கள்லயும் நம்மாளுங்க எட்டிப் பார்க்கறாங்க. வர்ஜீனியாவுல ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்தா தலைக்கு 50 ஏக்கர் நிலம் கொடுப்பாங்க. 1635ல ஜார்ஜ் மெனிஃபிங்கறவர் அப்படி நிலம் கேட்ட பட்டியல்ல ஒரு பேரு: டோனி, ஈஸ்ட் இண்டியன். அவ்ளோதான் அவர் சரித்திரம். பிருந்தா சாரி 2023ல வந்த "தி ஈஸ்ட் இண்டியன்" நாவல்ல அவரை நம்ம சோழமண்டலக் கரைப் பையனா கற்பனை பண்ணியிருக்காங்க. வர்ஜீனியா, மேரிலாந்து கோர்ட் பதிவேடுகள்ல இப்படி இன்னும் பல "ஈஸ்ட் இண்டியன்" ஆளுங்க உண்டு. பால் ஹைனெக்ங்கறவர் பல வருஷமா இந்தப் பதிவேடுகளைத் தோண்டி, அடிமைத்தனத்துக்கு வெளிய வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களோட வம்சாவளியைத் தொகுத்தப்போ அவங்களும் வெளிய வந்தாங்க. ரெண்டு தலைமுறைக்கு அப்புறம் பதிவேட்டுல "ஈஸ்ட் இண்டியன்" மறைஞ்சு போய் "முலாட்டோ"ன்னு மட்டும் இருக்கும். கலப்பினம்னு அர்த்தம். ஒரு கட்டத்துல ஊரு பேரும் போச்சு.

ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள் தேடும்போது 1870ல ஒரு சுவத்துல முட்டிக்குவாங்க. 1850, 1860 கணக்கெடுப்புகள்ல அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். எஜமானர் பேருக்குக் கீழ வயசு, ஆணா பெண்ணா, நிறம். பேரு கிடையாது. விடுதலைக்கு அப்புறம் 1870 கணக்கெடுப்புலதான் முதல் தடவையா அத்தனை பேருக்கும் பேரு வருது. அந்தச் சுவத்துல ஓட்டை போடத்தான் டி.என்.ஏ. வந்துச்சு.

பிரபலமான கேஸ் தாமஸ் ஜெஃபர்ஸன். அவர் வீட்டு அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸோட பிள்ளைங்களுக்கு அவர்தான் அப்பான்னு இருநூறு வருஷமா பேச்சு. 1998ல அவரோட பெரியப்பா வழி ஆண் வாரிசுகளோட ஒய் குரோமோசோமையும், சாலியோட மகன் எஸ்டன் வழி ஆண் வாரிசோட ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டாங்க. பொருந்துச்சு. ஆனா ஒய் குரோமோசோம் "ஜெஃபர்ஸன் குடும்பத்து ஆம்பளை"ன்னு மட்டும்தான் சொல்லும். எந்த ஜெஃபர்ஸன்னு சொல்லாது. ஒவ்வொரு குழந்தை பொறக்கறதுக்கும் ஒன்பது மாசம் முன்னாடி தாமஸ் வீட்டுல இருந்திருக்கார்னு சொன்னது காகிதம். எச்சில் பாதி, காகிதம் பாதி. ரெண்டும் சேர்ந்தாதான் சாட்சி.

கொஞ்சம் பொட்டி தட்டற பாஷையில

டி.என்.ஏ. டெஸ்ட்ல மூணு ரகம். ஒய் குரோமோசோம், அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு. மைட்டோகாண்ட்ரியா, அம்மாகிட்டேர்ந்து எல்லாப் புள்ளைங்களுக்கும், ஆனா அடுத்த தலைமுறைக்குக் கடத்தறது பொண்ணுங்க மட்டும்தான். மூணாவது மிச்சம் இருக்கற மொத்தமும், அம்மா பாதி அப்பா பாதி கலந்து வர்றது.

இந்த மூணாவது தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். பன்னெண்டு தலைமுறை பின்னாடி போனா மரத்துல 4,096 இடம். அதுல ஒருத்தியோட பங்கு சராசரியா 0.02 சதவீதம் சொச்சம். பல சமயம் சுத்தமா பூஜ்யமே ஆயிடும். அவ இல்லாம நீங்க இல்ல, ஆனா அவளோட ஒரு துணுக்கு கூட உங்க உடம்புல இல்லாம இருக்கலாம். யோசிச்சா ஒரு மாதிரி இருக்குல்ல?

மைட்டோகாண்ட்ரியா அப்படி இல்ல. ஃபைலை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ற மாதிரி. எப்பவாவது ஒரு எழுத்து மாறும், அவ்ளோதான். என் நண்பர் அதைத்தான் பண்ணியிருந்தார். ரிசல்ட் வந்தது எம் பிரிவுல, தெற்காசியாவுல பரவலா இருக்கற ஒரு கிளை. பத்திரம் சொன்னதை உடம்பும் சொல்லிடுச்சு.

இவர் தனி ஆள் இல்ல. 2020ல 77 ஆஃப்ரிகானர்களோட மரபணுவை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வந்துச்சு. நிறவெறிக் காலத்துல சுத்த வெள்ளைன்னு சட்டம் போட்டு வாழ்ந்த சமூகம் அது. சராசரியா 95.3 சதவீதம் ஐரோப்பியம். ஆனா கிட்டத்தட்ட அத்தனை பேர்கிட்டயும் ஐரோப்பாவுக்கு வெளிய உள்ள கலப்பு இருந்துச்சு. அதுல பெரும்பகுதி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவங்க வழி. 1949ல கலப்புக் கல்யாணத்தைத் தடை பண்ணி, 1950ல ஒவ்வொருத்தரையும் இனவாரியாப் பதிவு பண்ணின ஆட்சியை நடத்தினவங்க ரத்தத்துலயே வங்காளமும் சோழமண்டலமும் ஓடியிருக்கு.

இதுல இன்னொரு கொடுமை. கேப்லயும் சரி, 1662 சட்டத்துக்கு அப்புறம் வர்ஜீனியாவுலயும் சரி, அம்மா அடிமைன்னா புள்ளையும் அடிமை. அப்பா யாருன்னு கணக்கில்ல. அதனால அந்தப் பக்கம் காகிதம் எல்லாம் அம்மா வழியாவே ஓடுது. ஒரு சொத்து இன்னொரு சொத்தைப் பெத்ததுன்னு குறிச்சு வச்சாகணுமே. மைட்டோகாண்ட்ரியாவும் அதே வழி. அடிமைச் சட்டமும் உயிரணுவும் ஒரே கோட்டைப் புடிச்சிக்கிட்டு நடந்திருக்கு. அதனாலதான் நண்பரால பன்னெண்டு தலைமுறைப் பொண்ணுங்களைப் பேரோட சொல்ல முடியுது.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

இப்போ நம்ம முறை. அவர் சொந்தக்காரங்களைத் தேடணும்னா இந்தப் பக்கமும் ஒரு லிஸ்ட் வேணும்ல.

பழவேற்காட்டைச் சுத்தின குப்பங்கள்ல "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில நல்ல மீன்பாடு உள்ள இடங்களை ஊருக்குள்ள முறைவச்சுப் பிரிச்சுக்கறது. எந்த நாள் யார் எந்த இடத்துல வலை கட்டணும்ங்கறது இந்த முறைப்படிதான். சேரணும்னா அந்தச் சாதியில, அந்தக் குப்பத்துல பொறந்த ஆம்பளையா இருக்கணும், ஊர்ல தலைக்கட்டா ஏத்துக்கணும். நல்ல ஏற்பாடுதான். கோட்டைக்குப்பத்துல வாக்கப்பட்ட பெரியம்மா வீட்டுல இதைப் பத்தி ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். பெரியப்பா அவங்க அப்பா, தாத்தா, அவரோட அப்பான்னு கடகடன்னு சொன்னார். பொண்ணுங்க பேரைக் கேட்டேன். "அவங்களுக்கு ஏதுப்பா பாடு?"ன்னார்.

பட்டா அப்பன் பேருல. தலைக்கட்டு ஆம்பளை பேருல. பொண்ணு கல்யாணமாகி வேற குப்பம் போயிட்டா அந்தக் கோடு அதோட காலி.

நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். ரெண்டு டேபிள் இருக்கு. ஜாயின் பண்ணணும். அந்த டேபிள்ல கீ அம்மா பேரு. இந்த டேபிள்ல கீ அப்பா பேரு. எத்தனை தடவை குவெரி ஓட்டினாலும் ஜீரோ ரோஸ்தான்.

டி.என்.ஏ.லயும் அதே கதி. இந்த கம்பெனிகளோட டேட்டாபேஸ்ல எச்சில் கொடுத்தவங்க பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா. அங்க எட்டாவது தலைமுறை ஒண்ணுவிட்ட அண்ணன் கூட சிக்குவான். ஒரு பழவேற்காட்டு மீனவர் எதுக்குக் காசு கட்டி எச்சில் அனுப்பப் போறார்? அனுப்பினாலும், நாம தலைமுறை தலைமுறையா மாமன் பொண்ணையும் அக்கா பொண்ணையும் கட்டினவங்க. எல்லாரும் எல்லாருக்கும் நெருங்கின சொந்தம்னு கம்ப்யூட்டர் குழம்பும்.

சரி, நான் கொடுக்கலாமான்னு யோசிச்சேன். பயமும் இருந்துச்சு. 2023ல 23அண்ட்மீ கம்பெனியில 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல அந்த கம்பெனி திவால் நோட்டீஸும் கொடுத்துச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். டி.என்.ஏ. போனா? அதுவும் என்னோடது மட்டும் இல்ல. என் மைட்டோகாண்ட்ரியா எங்கம்மாவோடது, அவங்களுக்கு ஆயா கொடுத்தது. அதனால ஆயாகிட்ட கேக்கப் போனேன்.

ஆயா சொன்னது

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. திண்ணையில உக்காந்து கருவாட்டைப் பிரிச்சிக்கினு இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுச்சு.

"ஆயா, உங்கம்மா, அவங்கம்மான்னு பேரு சொல்லிக்கினே போ. எது வரைக்கும் தெரியும்?"

மூணு பேரு சொல்லுச்சு. மூணாவதுல கொஞ்சம் தயங்குச்சு. அதுக்கு மேல தெரியல. நான் நோட்டுல எழுதிக்கினேன். எங்க குடும்பத்துல அந்தப் பேருங்க காகிதத்துல ஏறினது அதான் முதல் தடவை.

வித்தவளோட வம்சத்துக்குப் பன்னெண்டு தலைமுறைக்குப் பத்திரம் இருக்கு. விக்காம இங்கயே இருந்தவளோட வம்சத்துக்கு மூணு பேரு, அதுவும் ஒரு கிழவி ஞாபகத்துல.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?"ன்னு கேட்டுச்சு. பத்திரத்துல இருந்த பேரைச் சொன்னேன்.

"டேய், அது அவன் வச்ச பேருடா. அவங்கம்மா இன்னா பேரு வச்சிருந்தா?"

நான் பேசல.

கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே ஆரம்பிச்சுது. "கப்பலு கரைக்கு வராதே. முகத்துவாரத்துல மண்ணு தட்டுமே. நடுக்கடல்லதான நிக்கும்?"

"ஆமா ஆயா. சின்னப் படகுலதான் சரக்கெல்லாம் ஏத்திக்கினு போவாங்க."

"படகு யாரு வலிச்சா? டச்சுக்காரனா துடுப்பு போட்டான்?"

அதுவரைக்கும் எனக்கு இது தோணவே இல்ல. நான் என்னை அந்தப் பொண்ணு பக்கத்துல வச்சுதான் யோசிச்சிக்கினு இருந்தேன். எங்கேர்ந்தோ காஞ்ச வயித்தோட நடந்து வந்தவளை அலை தாண்டிக் கப்பல் வரைக்கும் கொண்டு போய் விட்டது இந்தக் கரையில படகு வலிக்கத் தெரிஞ்ச யாரோதான். கூலிக்கு வலிச்சிருப்பாங்க. அவங்க வீட்டுலயும் அன்னிக்கு அடுப்பு எரியாம இருந்திருக்கலாம். அவங்க பேரும் எந்தப் பத்திரத்துலயும் இருக்காது. ஆனா அவங்க ஏரிக்குத் திரும்பி வந்தாங்க. நாங்க அந்தத் திரும்பி வந்தவங்க வம்சமா இருக்கலாம்.

"எச்சிதான? குட்றா. இன்னா போவுது. அவருக்கு ஒரு மனசாறுதல்"னு சொல்லிட்டுக் கருவாட்டைப் பிரிக்கப் போயிடுச்சு.

கொடுத்தேன். ரெண்டு மாசத்துல வந்துச்சு. எங்களோடதும் எம் பிரிவுதான், ஆனா வேற கிளை. அவரோட கிளையும் எங்க கிளையும் சேர்ற இடம் பல்லாயிரம் வருஷம் பின்னாடி. அதாவது பொருந்தல. பொருந்தியிருந்தாலும் அது பெருசா எதையும் நிரூபிச்சிருக்காது, எம் பிரிவுல கோடிக்கணக்கான பேர் இருக்கோம். இது முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் மெயிலைத் திறக்கும்போது கை நடுங்குச்சு.

நண்பருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். படகு விஷயத்தையும் சொன்னேன். மறைக்க மனசு வரல. கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "உங்க பாட்டிதான் முதல் தடவையா அவளோட நிஜப் பேரைக் கேட்டிருக்காங்க. இருபது வருஷமா தேடற எனக்கே அது தோணல"ன்னார். அடுத்த வருஷம் வர்றேன்னு சொல்லியிருக்கார். கல்லறைத் தோட்டம் வேணாமாம். முகத்துவாரத்தைப் பார்க்கணுமாம். மாமாகிட்ட படகுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

"உங்க ஊர்ல என் சொந்தக்காரங்க இருப்பாங்களா?"ங்கற கேள்விக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல. இருக்கலாம். அவங்களுக்கே அது தெரியாது. தெரிய வைக்கற மாதிரி ஒரு வரி கூட நாம எழுதி வைக்கல.

அதனால ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல ஆயாவோ பாட்டியோ அம்மாச்சியோ அப்பத்தாவோ உயிரோட இருந்தா, இந்த வாரக் கடைசியில அவங்க அம்மா பேரு, அம்மாவோட அம்மா பேருன்னு கேட்டு எழுதி வைங்க. எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்கு வாக்கப்பட்டாங்கன்னும் எழுதுங்க. டெஸ்ட் எல்லாம் வேணாம். ஒரு பேனா போதும்.

டிஸ்கி: நான் வரலாறு படிச்சவன் இல்ல, பொட்டி தட்டறவன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திக்கறேன். பழவேற்காடு, காட்டுப்பள்ளி, ஆரம்பாக்கம் பக்கத்து ஆளுங்க யாராவது படிச்சா, உங்க வீட்டுப் பாட்டிங்க சொன்ன கப்பல் கதை ஏதாவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க.